‘நல்ல நாவல் ஒண்ணு சொல்லுங்க’: உலக இலக்கியத்தைச் சக வாசகருக்குப் பரிந்துரைக்க ஒரு கையேடு

யாராவது நம்மிடம் வந்து, "வெளிநாட்டு நாவல் நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால் போதும், நம்மில் பலருக்கு வாய் நிற்காது. தல்ஸ்தோய், தஸ்தயேவ்ஸ்கி, காஃப்கா, காம்யு, மார்க்வெஸ் என்று மூச்சுவிடாமல் பத்துப் பெயரை ஒப்பிப்போம். கேட்டவரும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த மாதம் பார்த்தால் அவர் கையில் ஒரு புத்தகமும் இருக்காது. கேட்டது ஒன்று, நாம் சொன்னது பத்து. எதை எடுப்பது என்ற குழப்பத்திலேயே ஆசை வடிந்துவிடுகிறது.

கடலூர், புதுச்சேரி பக்கம் வாசிப்புக் குழுக்களில் புதிதாகச் சேர்ந்தவர்களையும், வீட்டிலோ அலுவலகத்திலோ நாலு பேரைப் படிக்க வைக்க நினைப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு ஆளுக்கு ஒரு புத்தகம், அதுவும் அவர் கைக்கு இந்த வாரமே கிடைக்கிற புத்தகம். மிச்சமெல்லாம் இதற்கான வழிமுறைகள்.

முதல் படி: ஆளை விசாரியுங்கள்

புத்தகத்தின் பெயர் நாக்கு நுனிக்கு வந்தாலும் அடக்கிக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக முழுசாகப் படித்து முடித்தது எது? எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள்? பாதியில் விட்ட புத்தகம் எது, எந்த இடத்தில் விட்டீர்கள்?

‘உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்’ என்ற கேள்வியை நான் கேட்பதே இல்லை. அதற்கு ஆட்கள் பெரும்பாலும் சபைக்கு ஏற்ற பதிலைத்தான் சொல்வார்கள். ஆனால் பாதியில் விட்ட புத்தகத்தைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை. ஒரு பேச்சு இப்படிப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"அண்ணே, ரஷ்ய நாவல் படிக்கணும். எதுல ஆரம்பிக்கலாம்?"

"கடைசியா எதைத் தம்பி முடிச்ச?"

"பொன்னியின் செல்வன். அஞ்சு பாகமும்."

"நடுவுல விட்டது?"

"குற்றமும் தண்டனையும். கதை நல்லாத்தான் போச்சு. ஆனா ஒரே ஆளுக்கு நாலு பேரு வருதுண்ணே. யாரு யாருன்னே புரியல, மூடி வெச்சிட்டேன்."

ஐந்து பாகம் முடித்தவருக்குத் தடிமன் ஒரு பொருட்டில்லை. சிக்கல் பெயர்களில் இருக்கிறது. ‘அப்படியானால் செகாவ் சிறுகதையில் ஆரம்பி’ என்று அவரைத் திசைதிருப்ப வேண்டியதே இல்லை. ஒரு துண்டுத் தாளில் பெயர்களை எழுதிப் புத்தகத்துக்குள் செருகிக் கொடுத்தால் காரியம் முடிந்தது. ரஸ்கோல்னிகவ், ரோதியா, ரோதியோன் ரொமானவிச் மூன்றும் ஒரே ஆள். துனியாவும் அவ்தோத்யா ரொமானவ்னாவும் ஒரே பெண், அவனுடைய தங்கை. சோனியா என்பவள்தான் சோஃபியா செம்யோனவ்னா, மர்மெலாதவின் மகள். நடுவில் வருவது அப்பா பெயர்: ரொமானின் மகன் ரொமானவிச், மகள் ரொமானவ்னா. நம்மூரில் அப்பா பெயரை ஒற்றை எழுத்தாக முன்னால் போடுகிறோம், அவர்கள் முழுசாக நடுவில் போட்டு, மரியாதையாகக் கூப்பிடும்போது அதையும் சேர்த்தே சொல்கிறார்கள். இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். ரஷ்ய நாவல் எதைக் கொடுத்தாலும் இந்தத் துண்டுத் தாள் கூடவே போக வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது எங்கே எப்போது படிக்கிறார் என்பதற்கு, நம் பக்கத்தில் தனி முக்கியத்துவம் உண்டு. கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஏராளம். நெரிசலில் நின்றுகொண்டு எண்ணூறு பக்கப் புத்தகத்தை ஒரு கையில் பிடிக்க முடியாது. அவருக்குச் சிறுகதைத் தொகுப்பு, அல்லது சட்டைப் பைக்குள் போகிற குறுநாவல். நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு வேறு கணக்கு: இரவு ஷிஃப்ட் வாரத்தில் மூளை கனமான எதையும் தாங்காது, ஓய்வு நாட்களில் மொத்தமாக நேரம் கிடைக்கும். பணி ஓய்வு பெற்றவருக்கு நேரம் ஒரு பிரச்சினையே இல்லை, எழுத்துப் பொடியாக இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை. பழைய பதிப்புகள் சிலவற்றில் அச்சு கண்ணை வலிக்க வைக்கும். நீங்களே திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: கிடைக்குமா என்று பாருங்கள்

கிடைக்காத புத்தகத்தைச் சொல்வது வீண் பெருமை. சொல்வதற்கு முன்பே தேடி வைத்துவிடுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு முதல் இடம் பாரதி பூங்கா பக்கத்து ரோமன் ரோலண்ட் நூலகம். 1827இல் தொடங்கிய பொது நூலகம் அது. 1966இல், பிரெஞ்சு எழுத்தாளர் ரோலண்டின் பிறந்த நூற்றாண்டையொட்டி, அவர் பெயரை வைத்தார்கள். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் அங்கே இருக்கின்றன. கடலூரில் மாவட்ட மைய நூலகம், அப்புறம் கிளை நூலகங்கள். நூலகத்தில் கேட்கும்போது மூல ஆசிரியர் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே ரஷ்யப் பெயரைத் தமிழில் டால்ஸ்டாய், தல்ஸ்தோய், தோல்ஸ்தோய் என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். தமிழ்த் தலைப்பையும் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் பதிவேட்டில் சீக்கிரம் அகப்படும்.

வாங்குவதென்றால் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி வரைக்கும் பொறுக்கலாம். தமிழ்ப் பதிப்பகங்கள் பலவும் கடை போடுவதால் ஒரே நாவலின் இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். பழைய புத்தகம் தேடுகிறவர்கள் புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டை விடக் கூடாது. செருப்புக்கும் சட்டைக்கும் நடுவில் தரையில் பரப்பிய புத்தகக் குவியல்களில், அதிர்ஷ்டமிருந்தால், மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழில் அச்சிட்டு அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகம் கிடைக்கும். சோவியத் யூனியன் 1991இல் கலைந்ததோடு அந்த வரத்து நின்றுபோனது. நம்மூரில் ஐம்பது வயது தாண்டிய வாசகர் பலருக்கு உலக இலக்கியத்தின் வாசலே அந்தப் புத்தகங்கள்தான். மலிவு விலை, நல்ல தாள், படங்கள் வேறு.

வாட்ஸ்அப்பில் ஸ்கேன் செய்த கோப்பை அனுப்புவதை நான் பரிந்துரை என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன். மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தமிழில் கிடைக்கிற கூலியே கொஞ்சம். அதிலும் கை வைக்க வேண்டாம். போதாக்குறைக்கு, அப்படி வந்த கோப்பை யாரும் படித்து முடித்து நான் பார்த்ததில்லை.

மூன்றாம் படி: மொழிபெயர்ப்பாளர் பெயரோடு சொல்லுங்கள்

"அன்னா கரீனினா படி" என்பது அரைப் பரிந்துரை. "நா. தர்மராஜன் மொழிபெயர்த்த அன்னா கரீனினா" என்பதுதான் முழுப் பரிந்துரை. அதே நாவலை வேறு யாராவது இருநூறு பக்கத்துக்குச் சுருக்கியும் போட்டிருக்கலாம். தெரியாமல் அதை வாங்கிப் படித்தவர், ‘இதுக்குத்தானா இவ்வளவு பேச்சு’ என்று தல்ஸ்தோயின் மேல் பழியைப் போட்டுவிடுவார்.

புதியவர்கள் சில பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தல்ஸ்தோயின் பெரிய நாவலைப் ‘போரும் வாழ்வும்’ என்று தந்தவர் டி.எஸ். சொக்கலிங்கம். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ இரண்டையும் எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்திருக்கிறார். கார்க்கியின் ‘தாய்’ என்றால் தொ.மு.சி. ரகுநாதன். நார்வே, ஸ்வீடன் பக்கத்துக்குப் போக வேண்டுமானால் க.நா.சு. என்கிற க.நா. சுப்ரமண்யம் இல்லாமல் முடியாது. ஜெர்மன் மூலத்திலிருந்தே காஃப்காவின் ‘விசாரணை’யைக் கொண்டுவந்தவர் ஏ.வி. தனுஷ்கோடி. பிரெஞ்சிலிருந்து நேரடியாகக் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலைத் தந்தவர் வெ. ஸ்ரீராம்.

இரண்டு மொழிபெயர்ப்பு இருந்தால் எதை எடுப்பது? முதல் பக்கத்தைப் பார்க்காதீர்கள், அதை எல்லோரும் கவனமாகத்தான் செய்திருப்பார்கள். நடுவில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்கிற இடத்தைக் கண்டுபிடித்து, வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் "நீ என்னை அவமதிப்பதற்கான காரணம் யாதாக இருக்கக்கூடும்?" என்று வந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுங்கள்.

நான்காம் படி: யாருக்கு எது

இதற்குச் சூத்திரம் கிடையாது. ஆனால் ஒரு பழக்கம் உதவும்: ஆளின் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிற ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போவது.

அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு யோசிக்கவே வேண்டாம், செகாவ். 1883இல் வந்த சின்னக் கதை ஒன்று இருக்கிறது. நாடகம் பார்க்கப் போன ஒரு குமாஸ்தா தும்மிவிடுகிறான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரியின் வழுக்கைத் தலையில் எச்சில் தெறிக்கிறது. மன்னிப்புக் கேட்கிறான். மறுபடி கேட்கிறான். இடைவேளையில் கேட்கிறான். மறுநாள் அவர் அலுவலகத்துக்கே போய்க் கேட்கிறான். அந்த அதிகாரி இவனுடைய துறையே இல்லை என்பதுதான் வேடிக்கை. கதையின் பெயர் ‘ஒரு அரசாங்க குமாஸ்தாவின் மரணம்’ என்கிற மாதிரி இருப்பதால், முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் என்மேல் கோபித்துக்கொள்ள முடியாது. தலைமைச் செயலகத்திலோ கலெக்டர் ஆபீசிலோ கோப்பு தூக்கியவர்கள் இரண்டே பக்கத்தில் இந்த ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள். அது பிடித்தால் அடுத்தது கோகலின் ‘மேல்கோட்டு’. அப்புறம்தான் செகாவின் ‘ஆறாவது வார்டு’. அது கனமான சரக்கு.

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகப் பையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம், திண்டிவனம், சிதம்பரம் என்று அலைகிற நண்பர் உங்களுக்கு இருப்பார். அவருக்குக் காஃப்காவின் ‘உருமாற்றம்’. கிரெகோர் சாம்சா ஊர் ஊராகப் போகிற விற்பனைப் பிரதிநிதி. காலையில் கண் விழித்தால் பூச்சியாகக் கிடக்கிறான், அப்போதும் அவனுடைய முதல் கவலை ரயிலைத் தவறவிட்டதும் மேலாளர் என்ன சொல்வார் என்பதும்தான். விமர்சகர்கள் இதற்கு ஆயிரம் தத்துவம் சொல்கிறார்கள். மாதக் கடைசியில் டார்கெட் முட்டாத ஆளுக்கு ஒரு தத்துவமும் தேவைப்படாது.

ஆசிரியர்களுக்குச் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. பூ. சோமசுந்தரம் மொழிபெயர்ப்பு. தானே அரைகுறையாகப் படித்த ஒரு வாலிபன் கிர்கீஸ் மலைக் கிராமத்துக்கு வந்து, குதிரை லாயத்தைச் சுத்தம் பண்ணிப் பள்ளிக்கூடம் ஆக்குகிறான். முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

விவசாயக் குடும்பத்தவர், குறிப்பாகப் பண்ருட்டிப் பக்கத்தவர் என்றால், நான் கொடுப்பது க.நா.சு. மொழிபெயர்த்த ‘நிலவளம்’. நார்வேக்காரர் நட் ஹாம்சன் எழுதி 1917இல் வந்த நாவல், அவருக்கு 1920இல் நோபல் பரிசு வந்தது. ஈசாக் என்ற ஒருவன் ஆளரவமில்லாத காட்டுக்கு நடந்து வருகிறான், ஒரு இடத்தைத் தேர்ந்து குடிசை போடுகிறான், நிலத்தைத் திருத்துகிறான், இங்கர் என்ற பெண் வந்து சேர்கிறாள். மாடு வருகிறது, பிள்ளைகள் வருகின்றன. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்ட பிறகு, அதே மண்ணில் மறுபடி கன்று நட்டு, அது காய்க்கும் வரை காத்திருந்தவர்களுக்கு இந்தக் கதையின் நிதானம் உறுத்தாது. பட்டணத்துக்காரருக்குக் கொடுத்தால் ‘ஸ்லோ சார்’ என்று திருப்பித் தந்துவிடுவார். கொடுக்கும்போது மறைக்கக் கூடாத இன்னொன்று: ஹாம்சன் கடைசிக் காலத்தில் நாஜிகளை ஆதரித்தவர், தன் நோபல் பதக்கத்தையே கோயபல்ஸுக்கு அனுப்பிவைத்தவர். முதலிலேயே சொல்லிவிடுங்கள். படித்து ரசித்த பிறகு இணையத்தில் தற்செயலாகத் தெரிந்துகொண்டால் உங்கள்மேல்தான் வருத்தம் வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தேவனாம்பட்டினத்துப் பையன் வந்து கேட்டால் உடனே ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ எடுத்து நீட்டாதீர்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு மீன்பிடிக் கதைதான் பிடிக்கும் என்று நாமே முடிவுகட்டுவது ஒரு வகை அலட்சியம். கடலை வீட்டிலேயே பார்த்தவனுக்குப் பனியில் நடக்கிற ரஷ்யக் காதல் கதை வேண்டியிருக்கலாம். அவனிடமும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் தர வேண்டும். கடல் கதைதான் வேண்டும் என்று அவனே கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். எண்பத்து நான்கு நாளாக மீனே படாத கிழவர் சாந்தியாகோ எண்பத்தைந்தாம் நாள் தன்னந்தனியாகத் தூரக்கடலுக்குப் போகிறார். கயிறு உள்ளங்கையை அறுக்கிற இடம், கை மரத்துப்போகிற இடம், பிடித்த மீனைப் படகோடு சேர்த்துக் கட்டுகிற இடம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவன் நமக்குச் சொல்வான். நமக்குத்தான் அது லாபம். அப்படியே தகழியின் ‘செம்மீன்’, சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில், அதற்குத் துணையாகப் போகட்டும். வெளிநாடு இல்லைதான், ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர்களுக்கு விவாதிக்க நிறைய கிடைக்கும்.

பழமொழி இல்லாமல் பேசவே தெரியாத பெரியவர்கள் இருப்பார்களே, அவர்களுக்கு நைஜீரியாவின் சினுவா அச்சிபி எழுதிய ‘சிதைவுகள்’. 1958இல் வந்தது, தமிழில் என்.கே. மகாலிங்கம். கதைநாயகன் ஒக்கொங்வோவின் ஊரில் யாரும் விஷயத்தை நேராகச் சொல்வதில்லை, பழமொழியில் சுற்றித்தான் வருவார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் கோலாக் கொட்டையை உடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு, நம் வெற்றிலைத் தட்டு மாதிரி. பிறகு பாதிரியார் வருகிறார், வெள்ளைக்காரன் நீதிமன்றம் வருகிறது. பிரெஞ்சுக்காரன் ஆண்டதைத் தாத்தா வாய்மொழியாகக் கேட்ட புதுச்சேரிக் குடும்பங்களில் இந்தப் பின்பாதி நெடுநேரப் பேச்சைக் கிளப்பும்.

தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர்களுக்கு ஸ்வீடன் எழுத்தாளர் பேர் லாகர்க்விஸ்டின் ‘அன்பு வழி’. இதுவும் க.நா.சு. மொழிபெயர்ப்பு. இயேசுவுக்குப் பதிலாக விடுதலை செய்யப்பட்ட பரபாஸ், அதற்கப்புறம் என்ன ஆனான் என்பதுதான் கதை. மிகச் சின்ன நாவல். விசுவாசிக்கும் பிடிக்கும், விசுவாசம் இல்லாதவருக்கும் பிடிக்கும். அப்படிப்பட்ட புத்தகங்கள் அதிகம் இல்லை.

பிரெஞ்சு இலக்கியத்தில் இங்கே நமக்குக் கொஞ்சம் உரிமை அதிகம். விக்தர் ஹ்யூகோவின் 1862 நாவலை ‘ஏழை படும் பாடு’ ஆக்கிய சுத்தானந்த பாரதியார் புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்தவர். அதை வைத்து 1950இல் படமும் வந்தது. அதில் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்தவர் காலமெல்லாம் ஜாவர் சீதாராமன் ஆனார். வயதானவர்களுக்கு இந்த நாவலைப் பரிந்துரைக்க இந்தப் பெயர் ஒன்றே போதும், ‘ஓ, அந்தக் கதையா!’ என்று கையை நீட்டிவிடுவார்கள். குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் ‘குட்டி இளவரசன்’. ‘அந்நியன்’ ஆளறிந்து கொடுக்க வேண்டியது. அம்மாவின் சாவுச் செய்தியோடு தொடங்குகிற கதை, அம்மாவை அடக்கம் பண்ணும்போது அழாத மகன். அண்மையில் துக்கம் நடந்த வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். எதையும் எதிர்த்து வாதம் பண்ணுகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தீனி இல்லை. கதை நடக்கிற அல்ஜியர்ஸின் வெயிலும் கடற்கரையும் மே மாதத்தில் நம் கடற்கரைச் சாலையில் நடந்தவர்களுக்குப் புரியும்.

"நம்ம எழுத்தாளர்களையே முடிக்கல, வெளியூர்க்காரன் எதுக்கு?" என்று கேட்பவரும் உண்டு. ஜெயகாந்தன் வாசகராக இருப்பார் பெரும்பாலும். அவரிடம் சண்டை போடாமல் ‘வாழ்விக்க வந்த காந்தி’யைக் கொடுங்கள். ரோமன் ரோலண்ட் பிரெஞ்சில் எழுதிய காந்தி வரலாறு அது. தமிழில் தந்தவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த அதே ஜெயகாந்தன்தான்.

மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலை யாருக்கும் முதல் புத்தகமாகக் கொடுக்க வேண்டாம். அவ்ரேலியானோ என்ற பெயரில் மட்டும் அதில் இருபது பேருக்கு மேல் வருகிறார்கள். மூன்றாவதோ நான்காவதோ ஆக வரட்டும், முன்பக்கத்தில் வம்ச வரைபடம் உள்ள பதிப்பாகப் பார்த்துக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: சொல்லும் விதம்

‘உலகின் தலைசிறந்த நாவல்’, ‘சாவதற்குள் படிக்க வேண்டியது’, ‘என் வாழ்க்கையையே மாற்றியது’ ஆகிய மூன்றையும் அகராதியிலிருந்து எடுத்துவிடுங்கள். இதைக் கேட்டுவிட்டுப் படிக்கிறவர், பிடிக்கவில்லை என்றால் கோளாறு தன்னிடம்தான் என்று ஒதுங்கிவிடுவார்.

நாலைந்து வாக்கியம் போதும். எங்கே, எப்போது நடக்கிற கதை, யார் சொல்கிறார், எங்கே இழுக்கும், அதை எப்படித் தாண்டுவது. ஐத்மாத்தவின் ‘ஜமீலா’வுக்கு நான் அனுப்புகிற மாதிரிச் செய்தி இது:

"அக்கா, ஜமீலா படிங்க, குட்டிப் புத்தகம்தான். கிர்கீஸ் கிராமம், போர் நடக்குற காலம். புருஷன் போர்முனையில இருக்கான், இவ ஸ்டேஷனுக்குத் தானிய மூட்டை வண்டி ஓட்டுறா. கொழுந்தன் முறை ஆகுற சின்னப் பையன்தான் கதை சொல்றான். ஆரம்பத்துல யாருக்கு யார் என்ன உறவுன்னு கொஞ்சம் சுத்தும், பொறுத்துக்கங்க. வண்டி கிளம்பினதும் நீங்களே வைக்க மாட்டீங்க."

லூயி அரகோன் என்ற பிரெஞ்சுக் கவிஞர் இதை உலகத்திலேயே அழகான காதல் கதை என்று கொண்டாடியதை நான் செய்தியில் சேர்ப்பதில்லை. படித்து முடித்த பிறகு சொன்னால் படித்தவருக்கும் சந்தோஷம். முன்னாலேயே சொன்னால் பரீட்சை எழுதுகிற மாதிரி ஆகிவிடும்.

இழுக்கிற இடத்தை ஒளிக்காமல் சொல்வதுதான் இந்தச் செய்தியிலேயே முக்கியமான பகுதி. ‘போரும் வாழ்வும்’ தொடங்கும்போது ஒரு விருந்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், எல்லோரையும் நினைவில் வைக்கத் தேவையில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிப் பேர் அங்கேயே நின்றுபோக மாட்டார்கள்.

ஆறாம் படி: கொடுத்த பிறகு

"முடிச்சாச்சா?" என்று கேட்காதீர்கள். கடன்காரன் கேட்கிற மாதிரி இருக்கும். "எங்க இருக்கீங்க?" என்று கேளுங்கள். ஒரு மாதமாக அதே பக்கத்தில் இருந்தால், ‘பரவாயில்லை, குடுத்துடுங்க, வேற தர்றேன்’ என்று நீங்களாகவே வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சத்தால் புத்தகத்தையும் நம்மையும் சேர்த்துத் தவிர்க்கிறவர்கள் உண்டு. அந்தக் கூச்சத்தை உடைக்க வேண்டியது கொடுத்தவர்தான்.

பிடித்துவிட்டது என்றால் அடுத்த புத்தகம் அதே எழுத்தாளரா, அதே நாடா, அதே விஷயமா? அதே விஷயம் என்பது என் கட்சி. ‘முதல் ஆசிரியர்’ பிடித்தவருக்கு அது ரஷ்ய மொழியில் வந்ததால் பிடிக்கவில்லை, பள்ளிக்கூடத்தால் பிடித்தது. தல்ஸ்தோயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலின் நீதிமன்றத்தில் ஊன்றிப்போனவருக்கு அடுத்து ‘விசாரணை’ கொடுத்துப் பாருங்கள். தல்ஸ்தோயின் நீதிமன்றத்தில் குற்றம் சுமத்தப்பட்டவள் கண்ணெதிரே நிற்கிறாள், நாவல் போகப் போகக் குற்றம் யாருடையது என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. காஃப்காவில் கடைசிவரை என்ன குற்றம் என்றே தெரியாது. வக்கீல் நண்பர்கள் இந்த ஜோடியை விடாமல் பிடித்துக்கொள்வார்கள்.

குழுவாகப் படிக்க நினைத்தால்

ஆறு பேருக்கு மேல் வேண்டாம், ஒரே பதிப்பு இருக்கட்டும், பக்க எண் ஒத்துப்போகும். இடத்துக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை, காந்தி சிலைக்குத் தள்ளி உட்கார்ந்தால் கூட்டமும் குறைவு. கடலூரில் வெள்ளி கடற்கரை. மழைக்காலத்தில் யார் வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையாவது.

முதல் கூட்டத்துக்கு நாவல் எடுக்காதீர்கள். ஒரு சிறுகதையை அங்கேயே ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். படிக்காமல் வந்தவர் என்று யாரும் இருக்க மாட்டார். பேச்சு தடைப்பட்டால், ‘இந்தக் கதையில் யார்மேல் உங்களுக்குக் கோபம் வந்தது?’ என்று கேளுங்கள். ‘ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார்’ என்ற கேள்வியைவிட இது பலமடங்கு வேலை செய்யும். நிறைய படித்த ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார், அவரைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஒரு நோட்டு போடுங்கள். யாருக்கு எந்தப் புத்தகம், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று ஒரு வரி. இரவல் போன புத்தகம் ஒரு வருடம் ஆகியும் வரவில்லை என்றால் நச்சரிக்காமல் இன்னொரு பிரதி வாங்கிக்கொள்ளலாம், யாரோ படித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோவியத் காலத்துப் பிரதிகளுக்கு மட்டும் இந்தத் தாராளம் செல்லாது. அவற்றைத் தேடினால் மறுபடி கிடைப்பது கடினம். கூச்சப்படாமல் வீட்டுக்கே போய், காபி குடித்துவிட்டு, கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.